முக்கால் மணி நேர ஊர்



மலாக்கா மிகச் சிறிய மாநிலம். அலோர் காஜா, மலாக்கா தெங்ஙா, ஜாசின் என மூன்றே மாவட்டங்கள். என் மாணவர்களுக்கு மாநில வரைபடம் வரையக் கற்றுக்கொடுக்கும்போது, மூன்று வண்ணப் பென்சில்கள் போதும் என்பேன். 2008-ஆம் ஆண்டில் மலாக்கா நகரமும் பினாங்கின் ஜார்ஜ் டவுனும் உலகப் பாரம்பரியத் தளமாக அறிவிக்கப்பட்ட பிறகு, வெளியூர் மக்களுக்கு மலாக்கா என்றால் சிவப்புக் கட்டடமும் ஆற்றுப் படகும்தான் நினைவுக்கு வருகின்றன. அவர்கள் வருவார்கள், படம் எடுத்துக்கொள்வார்கள், சென்டோல் சாப்பிடுவார்கள், திரும்பிவிடுவார்கள்.

இந்த மண்ணிலேயே பிறந்து, வாரந்தோறும் இதன் வழியாகவே போய்க்கொண்டிருந்தும், இதில் கால் வைக்க முடியாத மனிதர்கள் சிலர் இருக்கிறார்கள். நீண்ட தூர லோரி ஓட்டுநர்களைச் சொல்கிறேன். அவர்களில் ஒருவர் என் அண்ணன்.

அண்ணனுக்கு ஐம்பத்தேழு வயது. ஜொகூரில் மாசாய் பகுதியில் குடும்பத்தோடு வசிக்கிறார். பாசிர் கூடாங் துறைமுகத்திலிருந்து வடக்கே பட்டர்வொர்த் வரையிலும், சில வேளைகளில் தாய்லாந்து எல்லையான புக்கிட் காயு ஹீத்தாம் வரையிலும் டிரெய்லர் ஓட்டுகிறார். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையின் நீளம் ஏறத்தாழ 770 கிலோமீட்டர். அதில் மலாக்காவுக்குள் வரும் பகுதி மிகவும் குறைவு. கெசாங் ஆற்றைக் கடந்தால் மலாக்கா தொடங்கும். ஜாசின் வெளியேறும் வழி, ஆயர் குரோ, சாலையின் மேல் பாலம்போல் கட்டப்பட்ட உணவகம், சிம்பாங் அம்பாட், அவ்வளவுதான். பிறகு நெகிரி செம்பிலான் எல்லைப் பலகை வந்துவிடும். பாரம் ஏற்றிய டிரெய்லர் அதைக் கடக்க ஏறத்தாழ முக்கால் மணி நேரம் ஆகும். அண்ணன் தம் சொந்த ஊரை முக்கால் மணி நேரக் கணக்கில்தான் சொல்வார்.

நாங்கள் பிறந்தது ஜாசின் மாவட்டத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில். அப்பாவும் அம்மாவும் பால்மரம் வெட்டியவர்கள். இந்நாட்டு ரப்பர் வரலாற்றில் மலாக்காவுக்குத் தனி இடம் உண்டு. சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் இயக்குநராக இருந்த ரிட்லி ஊக்குவிக்க, டான் சே யான் என்ற மலாக்காச் சீன வணிகர் 1896-ஆம் ஆண்டில் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டார். அதுவே மலாயாவின் முதல் வணிக ரப்பர்த் தோட்டம். அடுத்து அவர் புக்கிட் அசஹானில் பெரிய அளவில் பயிரிட்டார். அந்த மரங்களுக்குப் பின்னால்தான் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து நம் முன்னோர்கள் கூட்டம் கூட்டமாக வந்தனர்.

தோட்டத்துப் பிள்ளைகளுக்குச் சாலை என்பது எட்டாத பொருளாக இருந்தது. செம்மண் பாதை முடியும் இடத்தில் தார்ச்சாலை; அதற்கு அப்பால் உலகம். அப்பா அடிக்கடி ஒரு செய்தியைச் சொல்வார். 1967-ஆம் ஆண்டில் புக்கிட் அசஹான் தோட்டத் தொழிலாளர்கள் தங்கள் உரிமைக்காகக் கோலாலம்பூர் வரை நடந்தே போனார்கள். அண்ணன் பிறப்பதற்கு முந்திய நிகழ்ச்சி அது. "நம்ம ஆளுங்க ரோட்டுக்கு வந்தா அது வேற காரணத்துக்குத்தான், ஊர் சுத்த இல்ல" என்பார் அப்பா. அவர் எதை நினைத்துச் சொன்னாரோ தெரியாது. ஆனால் அண்ணன் சாலைக்கு வந்ததும் பிழைப்புக்காகத்தான்.

1987-ஆம் ஆண்டில் பத்தொன்பதாம் வயதில் அவர் லோரியில் கெலிண்டானாகச் சேர்ந்தார். ஓட்டுநருக்கு உதவியாளராக இருந்து சாமான்களை ஏற்றி இறக்குவதும், தார்ப்பாய் கட்டுவதும், பின்னால் நின்று கை காட்டுவதும் கெலிண்டானின் வேலை. அக்காலத்தில் எங்கள் தோட்டத்தில் ரப்பர் மரங்களைச் சாய்த்துவிட்டுச் செம்பனை நடத் தொடங்கியிருந்தார்கள். செம்பனைக்கு அத்தனை கைகள் தேவையில்லை. வீட்டில் ஒருவராவது வெளியே சம்பாதிக்க வேண்டும் என்ற நிலை. நான் அப்போது தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன்.

அந்த நாள்களில் அவர் வேலை செய்த லோரி ஜொகூரிலிருந்து கடலோரச் சாலை வழியாக வரும். பத்து பகாட், மூவார், மெர்லிமாவ், மலாக்கா என்று ஒவ்வோர் ஊரையும் தொட்டுக்கொண்டு போகும் சாலை அது. மெர்லிமாவில் ஓர் ஒட்டுக்கடையில் ஓட்டுநர் தேநீர் குடிக்க நிறுத்துவார். அங்கே எங்கள் தோட்டத்து ஆள் யாராவது இருப்பார்கள். அண்ணன் அவர்களிடம் ஒரு பையைக் கொடுத்துவிடுவார். மாலைக்குள் அது எங்கள் லயத்துக்கு வந்து சேரும். ஆரஞ்சுப் பழமோ, மூவார்ச் சந்தையில் வாங்கிய கருவாடோ, எனக்கு ஒரு பென்சில் பெட்டியோ இருக்கும். கடிதம் எதுவும் இருக்காது. பை வந்தால் அண்ணன் நலமாக இருக்கிறார் என்று அம்மா எடுத்துக்கொள்வார்.

1994-ஆம் ஆண்டு செப்டம்பரில் நெடுஞ்சாலை முழுமையாகத் திறக்கப்பட்டது. நாட்டுக்கு அது பெரும் நன்மை. வளைந்து நெளிந்து போன பயணம் நேரானது. ஜொகூரிலிருந்து பினாங்குக்குச் செல்லும் நேரம் வெகுவாகக் குறைந்தது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் லோரிகள் மெர்லிமாவ் வழியாக வருவது அருகியது. ஒட்டுக்கடை இருந்த இடத்தில் இன்று கைத்தொலைபேசிக் கடை இருக்கிறது. ஊருக்குள் நுழைந்து போன சாலை ஊரைச் சுற்றிப் போகும் சாலையாக மாறியபோது, அண்ணனுக்கும் எங்களுக்கும் நடுவில் இருந்த அந்தப் பை நின்றுபோனது.

"பக்கத்தில்தானே, வெளியேறி வந்து பார்த்துவிட்டுப் போகக் கூடாதா?" என்று பலர் கேட்பார்கள். அந்தத் தொழிலை அறியாதவர்கள் கேட்கும் கேள்வி அது. நாற்பது அடிக் கொள்கலனை இழுத்துவரும் டிரெய்லரைத் தோட்டத்துச் செம்மண் பாதையில் திருப்ப முடியாது. தாமான் சாலைகளில் நுழைக்கவும் முடியாது. வண்டியில் இருக்கும் கருவி அது எங்கே நிற்கிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதை அலுவலகத்துக்குக் காட்டிக்கொண்டே இருக்கும். துறைமுகத்தில் குறித்த நேரத்துக்குப் போகவில்லையென்றால் வரிசையில் பின்னுக்குப் போக வேண்டும். அண்ணனின் வருமானத்தில் பெரும்பகுதி பயணக் கணக்கில் வருவது. ஒரு பயணம் தவறினால் அந்த மாதம் வீட்டில் ஏதாவது ஒன்று தவறும். பெருநாள் காலங்களில் கனரக லோரிகள் சாலையில் ஓடத் தடை விதிக்கப்படும் சில நாள்கள் இருக்கின்றன. மற்றவர்கள் நெரிசலைத் தவிர்க்க வந்த ஏற்பாடு என்று நினைப்பார்கள். எங்கள் குடும்பத்தில் அது அண்ணன் வரும் நாள்.

அம்மாவும் அண்ணனும் தங்களுக்குள் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். வடக்கே போகும்போது பாகோ ஓய்வுத்தளத்தில் வண்டியை நிறுத்தி அண்ணன் அம்மாவை அழைப்பார். "இன்னும் கொஞ்ச நேரத்துல நம்ம ஊருக்குள்ள வந்துருவேன்மா" என்பார். தெற்கே வரும்போது சிரம்பான் ஓய்வுத்தளத்திலிருந்து அதே அழைப்பு. வண்டி ஓடும்போது பேசுவதை அம்மா அனுமதிக்கமாட்டார். அழைப்பு வந்த பிறகு அம்மா சுவர்க்கடிகாரத்தைப் பார்ப்பார். மனத்துக்குள் வண்டியை ஓட்டிக்கொண்டு போவார் போலும். "இப்ப ஜாசின் தாண்டியிருப்பான்", "இப்ப ஆயர் குரோ" என்று பருப்பு கழுவியபடியே சொல்வார். நெடுஞ்சாலையைக் கண்ணால் அதிகம் பார்த்திராத அவருக்கு அதன் ஒவ்வொரு கட்டமும் மனப்பாடம்.

2020-ஆம் ஆண்டு மார்ச் 18-ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. மாநிலம் விட்டு மாநிலம் போகக்கூடாது. ஆனால் சரக்கு லோரிகள் ஓடலாம், ஓடியே ஆகவேண்டும். கடைகளில் அரிசியும் மருத்துவமனைகளில் கையுறையும் இருந்தாக வேண்டுமல்லவா? நாடே வீட்டுக்குள் இருந்த அந்த நாள்களில் அண்ணன் வெறிச்சோடிய நெடுஞ்சாலையில் ஓட்டினார். ஓய்வுத்தளங்களில் உணவுக்கடைகள் பலவும் மூடிக்கிடந்தன. அண்ணி கட்டிக்கொடுத்த சோற்றை வண்டிக்குள்ளேயே சாப்பிட்டார்.

2021-ஆம் ஆண்டு மீண்டும் மாநில எல்லைகள் மூடப்பட்டபோது அம்மாவுக்கு உடல்நலம் குன்றியிருந்தது. இடுப்பு எலும்பில் முறிவு. எழுந்து நடக்க முடியவில்லை. அப்போது அம்மா என்னோடு ஆயர் குரோவுக்கு அருகில் இருந்தார். வாரத்துக்கு இருமுறை அண்ணன் எங்கள் வீட்டிலிருந்து பத்துக் கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்தில் கடந்து போனார். சரக்குக்கு எல்லை தாண்ட அனுமதி இருந்தது. அதை ஓட்டிவந்த மகன் டோல் சாவடியைத் தாண்டித் தாயைப் பார்ப்பதற்கு அந்த அனுமதி செல்லாது. காவல் நிலையத்தில் தனி அனுமதி பெறலாம்தான். ஆனால் பெற்றாலும் பல ஊர்களில் இறங்கி ஏறும் தாம் நோயை வீட்டுக்குள் கொண்டுவந்துவிடுவோமோ என்று அண்ணன் அஞ்சினார்.

ஓர் இரவு பாகோவிலிருந்து அவர் அழைத்தபோது தொலைபேசி என் கையில் இருந்தது. அம்மாவின் காதருகே வைத்தேன். "அம்மா, ஆயர் குரோ பக்கத்துல ஓரமா நிறுத்தி ஒரு தடவ ஹோன் அடிக்கட்டுமா?" என்று கேட்டார். நெடுஞ்சாலை எங்கள் வீட்டுக்குக் கேட்கும் தொலைவில் இல்லை. அம்மா சொன்ன பதில் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. "அதெல்லாம் வேணாம்யா. ஓரத்துல நிறுத்தாத, பின்னால வர்றவன் இடிச்சிருவான். நீ போய்க்கிட்டே இரு." அதன் பிறகு வழக்கம்போல் கடிகாரம் எங்கே என்று கேட்டார். படுத்திருந்த இடத்திலிருந்து அவருக்கு அது தெரியவில்லை. நான் சுவரிலிருந்து கழற்றிக் கட்டிலுக்கு எதிரே மாட்டினேன்.

அக்டோபர் 11-ஆம் நாள் எல்லைத் தடை நீங்கியது. அந்த வாரமே அண்ணன் விடுப்பு எடுத்துக்கொண்டு காரில் வந்தார். இரண்டு நாள் அம்மாவின் கட்டிலுக்குக் கீழேயே படுத்துக்கிடந்தார். அம்மா 2023-ஆம் ஆண்டில் காலமானார். அப்போது அண்ணன் அருகில் இருந்தார். அந்த வகையில் நாங்கள் கொடுத்துவைத்தவர்கள்.

இப்போது பாகோவிலிருந்து வரும் அழைப்பு எனக்கு வருகிறது. "பாப்பா, நான்தான்" என்பார். அதற்குமேல் பெரிதாகப் பேச ஒன்றும் இருக்காது. பள்ளிக்கூடம், பிள்ளைகள், மழை. நான் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. ஆனால் வகுப்புப் பயிற்சி நூல்களைத் திருத்திக்கொண்டிருக்கும்போது, இப்போது ஜாசினைத் தாண்டியிருப்பார் என்று தானாகவே தோன்றும்.

அண்ணன் சுமந்து செல்லும் சரக்கைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சில பயணங்களில் அவர் தாய்லாந்து எல்லையிலிருந்து ரப்பர்ப் பால் ஏற்றிவருகிறார். நம் நாட்டுக் கையுறைத் தொழிற்சாலைகளுக்குத் தேவையான பாலில் பெரும்பகுதி இன்று தாய்லாந்திலிருந்து வருகிறது. மலாயாவின் முதல் வணிக ரப்பர்த் தோட்டம் அமைந்த மாநிலத்தின் வழியாக, பால்மரம் வெட்டியவரின் மகன் வேறு நாட்டுப் பாலை ஏற்றிக்கொண்டு போகிறார். ஒருமுறை இதைச் சொல்லி, "அப்பா இருந்திருந்தா என்ன சொல்லியிருப்பாரு?" என்று கேட்டேன். "தண்ணி கலந்திருக்கான்னு பார்க்கச் சொல்லியிருப்பாரு" என்று சிரித்தார்.

இது எங்கள் ஒரு குடும்பத்தின் கதை மட்டுமன்று. தமிழ்நாட்டில் நாமக்கல், சங்ககிரி வட்டாரத்து லாரி ஓட்டுநர்கள் வட இந்தியாவுக்குப் போனால் வாரக்கணக்கில் வீடு திரும்பமாட்டார்கள். அங்கே ஊருக்கு ஊர் மொழி மாறும். இங்கே எல்லாம் ஒரே நாடு, ஒரே சாலை. ஆனால் தூரம் குறைவாக இருப்பதும் ஒரு துன்பம்தான். ஆயிரம் மைலுக்கு அப்பால் இருக்கும் ஊரை மறந்து வேலையைப் பார்க்கலாம். வாரத்துக்கு இருமுறை பெயர்ப்பலகையாக எதிரே வரும் ஊரை எப்படி மறப்பது?

என் வகுப்பிலும் அப்படி ஒரு தந்தை இருக்கிறார். அவர் பணிபுரியும் நிறுவனத்தின் லோரி நிலையம் ஜொகூரில் இருக்கிறது. குடும்பத்தை அங்கே மாற்றிக்கொண்டால் அவருக்கு எத்தனையோ வசதி. ஆனால் மகனும் மகளும் தாம் படித்த தமிழ்ப்பள்ளியிலேயே படிக்க வேண்டும் என்று குடும்பத்தை இங்கேயே வைத்திருக்கிறார். மலாக்கா மாநிலத்தில் மொத்தம் 21 தமிழ்ப்பள்ளிகள். அவற்றில் தோட்டங்களில் தொடங்கிய பள்ளிகள் பல. தோட்டத்து மக்கள் வெளியேறிய பிறகும் சுற்றியுள்ள தாமான்களிலிருந்து வரும் பிள்ளைகளால் அவை நிற்கின்றன. 150 மாணவர்களுக்குக் குறைந்தால் குறைந்த மாணவர் பள்ளி என்ற பிரிவில் சேர்த்துவிடுவார்கள். அப்படிப்பட்ட பள்ளியில் ஒரு குடும்பம் இடம் மாறினால் வகுப்பறையில் அது உடனே தெரியும்.

தேர்ச்சி அறிக்கை வழங்கும் நாளில் அவரால் வர இயலவில்லை. மறுவாரம் ஒரு விடியற்காலையில் டிரெய்லரைப் பெரிய சாலையில் உரிய இடத்தில் நிறுத்திவிட்டு, பள்ளி தொடங்குமுன் நடந்தே வந்தார். முன்னிரவே தகவல் அனுப்பியிருந்ததால் நானும் சீக்கிரம் வந்திருந்தேன். மதிப்பெண்களை ஒருமுறை பார்த்தார். பிறகு, "வகுப்புல பேசுறானா டீச்சர்?" என்று கேட்டார். நிறையப் பேசுவான், சில நேரம் அடக்க வேண்டியிருக்கும் என்றேன். அவர் முகம் மலர்ந்தது. "வீட்டுல என்கிட்ட பேசவே மாட்டேங்கிறான். ஞாயித்துக்கிழம விருந்தாளி மாதிரி பார்க்கிறான். பேசுறவன்தான்னா சரி" என்றார். பத்து நிமிடத்தில் புறப்பட்டுவிட்டார். பையன் பள்ளிக்கு வந்தபோது, "உங்க அப்பா வந்திருந்தார்" என்று சொன்னேன். முதலில் நம்பவில்லை. அறிக்கையில் இருந்த கையொப்பத்தைக் காட்டியதும் வாங்கி நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

அண்ணன் கதைக்கு வருகிறேன். சென்ற ஆண்டு அவருக்கு ஒரு வாய்ப்பு வந்தது. ஆயர் குரோ பகுதித் தொழிற்சாலை ஒன்றுக்குப் பேருந்து ஓட்டும் வேலை. சம்பளம் குறைவு, ஆனால் இரவு வீட்டில் தூங்கலாம். தொழில்முறை ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பிக்க மருத்துவச் சோதனை உண்டு. சர்க்கரையும் இரத்த அழுத்தமும் ஏறிவரும் வயதில் ஒவ்வொரு சோதனையும் அவருக்கு ஒரு தேர்வுதான். எனவே மலாக்காவுக்கே வந்துவிடலாம் என்று எண்ணினார்.

அண்ணி மறுத்துவிட்டார். அவர் ஜொகூரில் பிறந்து வளர்ந்தவர். "உங்களுக்கு மலாக்கா ஊரு. எனக்கு மாசாய்தான் ஊரு. என் அம்மா, அக்கா எல்லாம் இங்கதான் இருக்காங்க. நீங்க ரோட்டுல இருந்த இருபத்தஞ்சு வருசமும் எனக்குத் துணை இந்த ஊருதான்" என்றார். அதில் என்ன பிழை? பிள்ளைகளும் ஜொகூர்ப் பிள்ளைகள். மலாக்கா அவர்களுக்குப் பாட்டி வீடு. பாட்டி இல்லாத பிறகு அத்தை வீடு. அண்ணன் நேசிக்கும் ஊர் அவர் ஒருவருக்கு மட்டுமே ஊராக இருக்கிறது.

அவர் திரும்பி வந்தாலும் எங்கே வருவார்? எங்கள் லயம் இடிக்கப்பட்டுவிட்டது. அந்த இடத்தில் செம்பனை வளர்ந்து நிற்கிறது. மாரியம்மன் கோயில் மட்டும் உண்டு. ஆண்டுத் திருவிழாவுக்கு நாலா பக்கமிருந்தும் பழைய தோட்டத்து மக்கள் வருவார்கள். அன்றைக்கு ஒரு நாள் தோட்டம் மீண்டும் இருக்கும். மறுநாள் காலையில் செம்பனை மட்டும் இருக்கும். இதையெல்லாம் சொன்னபோது அண்ணன் அமைதியாகக் கேட்டார். "இடம் இருக்குதே பாப்பா, வீடுதானே இல்ல" என்றார். அந்த வேலையை ஏற்கவில்லை. இளைய மகள் படிப்பை முடிக்க இன்னும் இரண்டு ஆண்டுகள் உள்ளன. அதுவரை லோரிதான் என்று முடிவு செய்திருக்கிறார். அதன் பிறகு என்ன என்பதை அவரும் அண்ணியும் இன்னும் பேசி முடிக்கவில்லை.

என்னைப்போன்ற ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். வகுப்பில் தந்தையர் லோரி ஓட்டும் பிள்ளைகள் இருந்தால், பெற்றோர் கூட்டத்துக்கு வராத தந்தையை அக்கறையற்றவர் என்று எண்ணிவிடாதீர்கள். எந்த நாளில் அவர் இந்த வழியாகப் போகிறார் என்று பிள்ளையிடம் கேளுங்கள். பள்ளி தொடங்குமுன் பத்து நிமிடம் ஒதுக்கிக்கொடுங்கள். அல்லது அவர் ஓய்வுத்தளத்தில் நிற்கும் நேரத்தில் தொலைபேசியில் பேசுங்கள். அவருடைய சாலையையே பாடமாக்கலாம். கெசாங், ஜாசின், ஆயர் குரோ, சிம்பாங் அம்பாட் என்று பிள்ளையை வரைபடத்தில் குறிக்கச் சொல்லுங்கள். அப்பா இப்போது எங்கே இருப்பார் என்று கணக்கிடத் தெரிந்த பிள்ளைக்குத் தூரமும் நேரமும் எளிதில் விளங்கும்.

மாசி மகத்தன்று மலாக்கா நகரின் பொய்யாத விநாயகர் கோயிலிலிருந்து செங்கில் உள்ள சன்னாசிமலை ஆண்டவர் கோயிலுக்கு இரதம் போகும். சிறு வயதில் அண்ணன் தோளில் அமர்ந்து நான் அதைப் பார்த்திருக்கிறேன். அடுத்த மாசி மகத்துக்கு இரண்டு நாள் விடுப்பு கேட்டிருப்பதாக நேற்று பாகோவிலிருந்து சொன்னார். அலுவலகம் இன்னும் பதில் சொல்லவில்லையாம். அண்ணியும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். அம்மா இருந்த அறையைப் பெருக்கித் துடைத்து, கட்டிலுக்குப் புதிய விரிப்பு வாங்கி வைத்திருக்கிறேன்.